பெட்டியில் வரும் டயட் சாப்பாடு: எடை குறையும், அப்புறம் நிற்குமா?

"மூன்று வேளைச் சாப்பாட்டையும் அளந்து, பெட்டியில் அடைத்து வீட்டுக்கே அனுப்பும் எடை குறைப்புத் திட்டம் ஒன்றில் மூன்று மாதம் சேரலாம் என்று இருக்கிறேன். 12 கிலோ குறைய வேண்டும். நானாகவே சாப்பாட்டைக் குறைத்து இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் பாதியில் விட்டுப்போயிற்று. வேலை முடிந்து வீடு வர இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. இதற்குச் செலவு செய்வது வீணா?" இதுதான் நீங்கள் கேட்டது.

வீண் இல்லை. பெட்டியில் வருவதை மட்டும் சாப்பிட்டால் எடை குறையும். ஆனால் மூன்று மாதம் முடிந்து, பெட்டி வருவது நின்ற மறுநாள் காலையில் என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு அதற்குள் ஒரு பதில் தயாராகவில்லை என்றால், குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். உணவியல் ஆலோசகராகப் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். இந்தப் பெட்டிகளால் நன்றாகத் தேறியவர்களையும் பார்த்திருக்கிறேன், பணமும் போய் மனசும் விட்டுப்போய் வந்து உட்கார்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் வந்தது ஒரே மாதிரிப் பெட்டிதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெட்டிக்குள் கொழுப்பைக் கரைக்கும் பொருள் எதுவும் இல்லை. அளவு குறைவு, அவ்வளவுதான். இந்த வகைத் திட்டங்களில் பலவும் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 கலோரி வரை கொடுக்கின்றன, ஆண்களுக்குச் சற்றுக் கூடுதல். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. உங்கள் உடம்பு செலவழிப்பதைவிடத் தினம் 500 கலோரி குறைவாகச் சாப்பிட்டால் பதினைந்து நாளில் கிட்டத்தட்ட ஒரு கிலோ குறையும். போகப் போக வேகம் தணியும், ஏனென்றால் எடை குறைந்த உடம்புக்குச் செலவும் குறைவு. இந்தக் கணக்கு பெட்டிச் சாப்பாட்டுக்கும் ஒன்றுதான், உங்கள் அடுப்பில் செய்த சாப்பாட்டுக்கும் ஒன்றுதான்.

அப்படியானால் நீங்களாகக் குறைத்துச் சாப்பிட்டபோது ஏன் நிற்கவில்லை? இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

1992-ல் ஒரு புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. பத்தே பேர். எல்லோரும் "நாளைக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் குறைய மாட்டேன் என்கிறது" என்று சொன்னவர்கள். அவர்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள், எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று உடலியல் முறைகளால் அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதாக எழுதிக்கொடுத்தது சராசரியாக ஆயிரத்தை ஒட்டி. உண்மையில் சாப்பிட்டது இரண்டாயிரத்தை ஒட்டி. உடற்பயிற்சியை இதற்கு நேர்மாறாக, ஒன்றரை மடங்கு கூட்டிச் சொல்லியிருந்தார்கள். வளர்சிதை மாற்றத்தில் யாருக்கும் கோளாறு இல்லை. தயவுசெய்து இதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் அனுபவத்தில் யாரும் வேண்டுமென்று மறைப்பதில்லை. சமைக்கும்போது ருசி பார்த்தது, குழந்தை மிச்சம் வைத்ததை வாயில் போட்டுக்கொண்டது, வாணலியில் கைக்கு வந்தபடி ஊற்றிய எண்ணெய் எல்லாம் நினைவில் தங்குவதே இல்லை. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி கூடினாலே 120 கலோரி கூடிவிடும்.

கண்ணும் ஏமாற்றும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் என்ற பேராசிரியர் பல வருடம் இதையே ஆராய்ந்தவர். 2002-ல் வெளிவந்த அவருடைய ஆய்வு ஒன்றில், ஒரே பாஸ்தா உணவை வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு அளவில் கொடுத்தார்கள். 500 கிராம் வைத்த நாளைவிட ஒரு கிலோ வைத்த நாளில் அதே ஆட்கள் 30 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்த உணர்வு மட்டும் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒன்றுதான். அளவு மாறியதைப் பாதிப் பேருக்கு மேல் கவனிக்கவே இல்லை.

பெட்டி இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்கிறது. அளவு முன்பே முடிவாகிவிட்டது, கணக்கு முன்பே போட்டாயிற்று. இதோடு, உங்களுக்கு மிகவும் பொருந்துகிற மூன்றாவது விஷயம் ஒன்றும் இருக்கிறது. இரவு எட்டு மணிக்குப் பசியோடும் களைப்போடும் வந்து நிற்கும் ஆள் எடுக்கும் முடிவும், காலையில் நிதானமாக உட்கார்ந்து எடுக்கும் முடிவும் ஒன்றாக இருக்காது. பெட்டி அந்த எட்டு மணி முடிவை உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறது. நீங்கள் இரண்டு முறை பாதியில் விட்டதற்கு மன உறுதி இல்லாததுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், அந்த எண்ணத்தை இறக்கி வையுங்கள். களைத்துப்போன நேரத்தில், அளவுகோல் எதுவும் இல்லாமல், தினமும் சரியாக முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருந்தீர்கள். அது யாருக்குமே கஷ்டம்.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

பெட்டிச் சாப்பாட்டுத் திட்டங்களுக்கு நல்ல சான்று இருக்கவே இருக்கிறது. 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 442 பெண்களை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஜென்னி கிரேக் என்ற நிறுவனத்தின் பெட்டிச் சாப்பாடும் வாராந்திர ஆலோசனையும் ஒரு பகுதியினருக்கு நேரில், இன்னொரு பகுதியினருக்குத் தொலைபேசி வழியாக. மீதிப் பேருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இரண்டு வருட முடிவில் நேரில் ஆலோசனை பெற்றவர்கள் சராசரியாக 7.4 கிலோவும், தொலைபேசியில் பெற்றவர்கள் 6.2 கிலோவும், வெறும் அறிவுரை பெற்றவர்கள் 2 கிலோவும் குறைந்திருந்தார்கள். நல்ல முடிவுதான். 2015-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பீடும், ஜென்னி கிரேக் திட்டத்தில் இருந்தவர்கள் ஒரு வருடத்தில் மற்றவர்களைவிட உடல் எடையில் குறைந்தது 4.9 சதவீதம் கூடுதலாகக் குறைந்ததாகச் சொன்னது. நியூட்ரிசிஸ்டம் என்ற இன்னொரு திட்டத்துக்கு மூன்று மாத அளவில் 3.8 சதவீதம்.

இந்த எண்களை விளம்பரத்தில் பார்த்தால் இன்னொரு செய்தியையும் சேர்த்துப் படியுங்கள். அந்த 2010 ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அந்த நிறுவனமே. அதைவிட முக்கியம், கலந்துகொண்ட பெண்களுக்குச் சாப்பாடு இலவசம். இரண்டு வருடம் கழித்தும் நூற்றுக்கு 92 பேர் ஆய்வில் இருந்தார்கள். அதே நிறுவனத்தில் கைக்காசு கட்டிச் சேர்ந்த அறுபதாயிரம் பேரின் பதிவுகளை 2007-ல் ஆராய்ந்தபோது, பதின்மூன்றாவது வாரத்தில் மிச்சம் இருந்தவர்கள் 42 சதவீதம், ஒரு வருட முடிவில் 7 சதவீதத்துக்கும் குறைவு. பெட்டிகளைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசும் எண்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சாப்பாடும் மாறவில்லை, ஆலோசனையும் மாறவில்லை. பணம் கட்ட வேண்டும் என்றதும் பத்தில் ஆறு பேருக்கு மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. விலகியவர்கள் எல்லோரும் தோற்றுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், சிலர் கற்றுக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனாலும் வருடக்கணக்கில் பெட்டியையே நம்பி வாழ்வது பெரும்பாலோருக்கு நடக்காத காரியம் என்பது தெரிகிறது.

இப்போது நான் எல்லோரிடமும் சொல்லும் ஆய்வுக்கு வருகிறேன். 1996-ல் ரீனா விங் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது. எடை குறைக்க வந்த 163 பெண்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். நான்கு குழுவுக்கும் வாராந்திரப் பயிற்சி வகுப்பு பொது. முதல் குழுவுக்கு வகுப்போடு சரி. இரண்டாம் குழுவுக்கு எந்த நாளில் எந்த வேளைக்கு என்ன, எவ்வளவு என்று எழுதிய சாப்பாட்டுத் திட்டமும், கடைக்குக் கொண்டுபோக வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலும். மூன்றாம் குழுவுக்கு இவற்றோடு உணவையும் கொடுத்துச் செலவில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டார்கள். நான்காம் குழுவுக்கு உணவு முழுக்க இலவசம். ஆறு மாதத்தில் முதல் குழு 8 கிலோ குறைந்தது. மற்ற மூன்றும் 11.4 முதல் 12 கிலோ வரை. அந்த மூன்று குழுக்களுக்குள்ளே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் முதல் குழுவில் 3.3 கிலோ, மற்றவற்றில் 7 கிலோவை ஒட்டி.

என்ன அர்த்தம்? சாப்பாட்டைக் கையில் கொடுத்தவர்களும், வெறும் தாளில் எழுதிக் கொடுத்தவர்களும் ஒரே அளவுக்குக் குறைந்தார்கள். வேலை செய்தது ஒழுங்கு. என்ன, எவ்வளவு, எப்போது என்பது முன்கூட்டியே முடிவாகி, அதற்கான பொருள் வீட்டில் இருந்ததுதான் பலன் தந்தது. பெட்டி அந்த ஒழுங்கை உங்களுக்கு வாடகைக்குத் தருகிறது. பட்டியல் அதைச் சொந்தமாக்கித் தருகிறது. அந்த நாலு கிலோ வித்தியாசத்தையும் கவனியுங்கள். வகுப்பில் "அளவாகச் சாப்பிடுங்கள், எண்ணெயைக் குறையுங்கள்" என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் போனவர்களுக்கும், கையில் பட்டியலோடு போனவர்களுக்கும் நடுவே இருந்த தூரம் அது. நீங்கள் முன்பு செய்த இரண்டு முயற்சிகளும் அந்த முதல் குழு மாதிரித்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

இதை நேரில் பார்த்த கதை ஒன்று சொல்கிறேன். ஒருவர் நான்கு மாதம் பெட்டிச் சாப்பாடு சாப்பிட்டு 9 கிலோ குறைந்திருந்தார். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். அப்புறம் ஏழு மாதம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது 7 கிலோ ஏறியிருந்தது. "பெட்டி வந்தப்போ எதையும் யோசிக்கவே வேண்டியிருக்காது மேடம், அதுதான் பிடிச்சிருந்தது" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் நான்கு மாதமும் அவர் ஒரு தடவைகூடத் தட்டில் தானே அளந்து போடவில்லை, ஒரு லேபிளைக்கூடப் படிக்கவில்லை. பெட்டி நின்ற முதல் வாரம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முன்னாடி சாப்பிட்டதைத்தான்" என்றார். அவருக்கு வேறு எதுவும் கற்றுக்கொடுக்கப்படவில்லை. அந்த நான்கு மாதமும் அதைக் கவனிக்காமல் விட்டதில் எனக்கும் பங்கு உண்டு என்று வருத்தப்பட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு பெண்ணிடம் வேறு மாதிரி செய்தேன். முதல் நாளே ஒரு பெட்டியையும் அவர் வீட்டில் தினமும் சாப்பிடும் தட்டையும் கொண்டுவரச் சொன்னேன். மேசையில் வைத்துப் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்ததை அந்தத் தட்டில் கொட்டினோம். தட்டின் மூன்றில் ஒரு பங்குகூட நிறையவில்லை. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா? பெட்டியில இருக்கும்போது நிறைய இருக்கிற மாதிரி தெரிஞ்சுது" என்றார். பிறகு ஒரு சமையலறைத் தராசு வாங்கினார். வாரத்தில் ஆறு நாள் பெட்டி, ஒரு நாள் சொந்தச் சமையல். அந்த ஒரு நாளில் முதலில் கண் மதிப்பில் தட்டில் போட வேண்டும், அதற்கப்புறம்தான் தராசில் வைக்க வேண்டும். முதல் வாரம் மாவுச்சத்து உணவு இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. காய்கறி பாதிதான். மாதம் முடிவதற்குள் கண்ணும் தராசும் பத்து இருபது கிராம் வித்தியாசத்துக்கு வந்துவிட்டன. இரண்டாம் மாதம் பெட்டி நான்கு நாள், மூன்றாம் மாதம் இரண்டு நாள். அந்த மூன்று மாதத்தில் அவர் குறைந்தது 6 கிலோ, முந்தையவரைவிடக் குறைவுதான். இரண்டு வருடம் கழித்து இன்னும் ஒரு கிலோ இறங்கியிருந்தது.

உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். பெட்டியை அளவு சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் முழுக்கப் பெட்டியில் போங்கள், அந்த வேகம் மனசுக்குத் தெம்பு தரும். இரண்டாம் மாதத்திலிருந்து ஒரு வேளையை, முடிந்தால் உங்களுக்கு எளிதான காலை வேளையை, உங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உங்களைக் கவிழ்க்கும் இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் கடைசி வரை பெட்டி இருக்கட்டும். இப்படிச் செய்தால் மூன்று மாதச் செலவும் ஓரளவு குறையும்.

செலவு என்றதும் ஒன்று. விளம்பரத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று போட்டிருப்பது முழுச் செலவு ஆகாது. பல திட்டங்களில் பழம், காய்கறி, பால் போன்றவற்றை நீங்களே வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். கூரியர் கட்டணம் தனி. வீட்டில் மற்றவர்களுக்கு வழக்கம்போலச் சமைத்தாக வேண்டும், அந்தச் செலவு அப்படியே இருக்கும், அந்த வாசனையும்தான். மாதாமாதம் தானாகவே பணம் எடுக்கும் சந்தாவா, எத்தனை நாள் முன்னால் சொன்னால் நிறுத்துவார்கள், முன்னதாக நிறுத்தினால் தள்ளுபடியைத் திரும்பப் பிடிப்பார்களா என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நிறுவனமே நிலையானது என்றும் நம்ப முடியாது. 1983-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கி நாற்பது வருடம் நடந்த ஜென்னி கிரேக், 2023 மே மாதம் அமெரிக்காவில் தன் மையங்களை மூடித் திவாலானது. பிறகு அந்தப் பெயரை இன்னொரு நிறுவனம் வாங்கி, வீட்டுக்கு அனுப்பும் சேவையாக மீண்டும் தொடங்கியது. இடையில் அதையே நம்பியிருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும், கலோரி எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. முதலில் புரதம். எடை குறையும்போது கொழுப்பு மட்டும் குறைவதில்லை, தசையும் சேர்ந்தே போகும். குறையும் எடையில் கால் பங்கு வரைகூடத் தசை முதலிய கொழுப்பில்லாத பகுதியாக இருக்கலாம். போதுமான புரதமும், வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் அல்லது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் இருந்தால் அந்த இழப்பு குறையும். ஒரு வேளைப் பெட்டியில் 20 கிராமாவது புரதம் இருக்கிறதா என்று பாருங்கள். பத்துக்கும் குறைவாக இருக்கும் பெட்டிகள் ஏராளம், அவை இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்க வைக்கும். அடுத்து உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2 கிராம் சோடியத்துக்குக் கீழ், அதாவது 5 கிராம் உப்புக்குக் கீழ் என்று வரையறுத்திருக்கிறது. ஃப்ரீசரில் வைத்து மைக்ரோவேவில் சுடவைக்கும் உணவுகளில் ஒரே பெட்டியில் 600, 700 மில்லிகிராம் சோடியம் சாதாரணம். மூன்று வேளைக்குக் கணக்குப் போட்டால் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்த வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும். லேபிளில் "ஒரு பரிமாறலுக்கு" என்று போட்டு, பெட்டிக்குள் இரண்டு பரிமாறல் இருப்பதும் உண்டு. எண்ணைப் பார்க்கும் முன் அந்த வரியைப் பாருங்கள். லேபிள் எண்ணே துல்லியமானது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2010-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கடையில் விற்கும் உறைந்த உணவுகளை ஆய்வகத்தில் அளந்தபோது, அச்சிட்டதைவிடச் சராசரியாக 8 சதவீதம் கூடுதல் கலோரி இருந்தது. ஆனால் அதே ஆய்வில் உணவக உணவுகள் 18 சதவீதம் கூடுதலாக இருந்தன, அதனால் இந்த விஷயத்தில் பெட்டி மோசமில்லை.

"பாக்கெட் உணவே கெடுதல் என்கிறார்களே" என்று கேட்பீர்கள். 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் நடத்திய ஆய்வு இதில் முக்கியமானது. இருபது பேர் இரண்டு வாரம் தொழிற்சாலையில் அதிகம் பதப்படுத்திய உணவையும், இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவையும் வேண்டிய மட்டும் சாப்பிட்டார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் தினம் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. எடையும் ஏறியது. "வேண்டிய மட்டும்" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் அளவு கட்டுப்பட்டிருக்கும்வரை இந்தப் பிரச்சினை வெளியே தெரியாது. பெட்டி நின்ற பிறகும் அதே வகைச் சாப்பாட்டுப் பழக்கம் தொடர்ந்து, அளவுக் கட்டுப்பாடு மட்டும் போய்விட்டால் தெரியும்.

விளம்பரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் வாரத்தில் 3 கிலோ, 4 கிலோ என்று வருவதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பில் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்திருக்கும் சர்க்கரை குறையும்போது, ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் வெளியேறும். அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் இந்தத் துறையின் ஐந்து பெரிய நிறுவனங்கள்மீது 1993-லேயே ஏமாற்று விளம்பரத்துக்காக நடவடிக்கை எடுத்தது. "இந்தப் பலன் எல்லோருக்கும் கிடைப்பதில்லை" என்று ஓரத்தில் ஒரு வரி போட்டுத் தப்பித்துக்கொள்ளும் வழக்கத்தையும் 2009-ல் கட்டுப்படுத்தியது. இணையத்தில் வரும் "குறைவதற்கு முன், குறைந்த பின்" படங்களை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

இன்னொரு வகை இருக்கிறது, அதை இந்தப் பெட்டிகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நாள் முழுக்க ஷேக், சூப் மட்டும் கொடுத்து 800 கலோரியோடு நிறுத்துபவை. இவை சில சமயம் மிக நல்ல மருத்துவக் கருவி. பிரிட்டனில் 306 பேரை வைத்து நடத்திய டைரக்ட் என்ற ஆய்வில், அவர்களில் பாதிப் பேரை மூன்று முதல் ஐந்து மாதம் 825 முதல் 853 கலோரி வரை உள்ள திரவ உணவில் வைத்து, பிறகு படிப்படியாக இயல்பான சாப்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் வகை நீரிழிவு வந்து ஆறு வருடத்துக்குள் இருந்த அவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் மாத்திரை இல்லாமலே நோய் தணிந்தது. ஒப்பிட்டுப் பார்த்த குழுவில் அது 4 சதவீதம். அங்கேயும் படிப்படியாகச் சாப்பாட்டுக்குத் திரும்பும் கட்டமும், இரண்டு வருடம் மாதாமாதம் ஆள் வைத்துக் கவனித்ததும் திட்டத்தின் பாகம். மருத்துவர் பார்வை இல்லாமல் இப்படி இறங்குவது ஆபத்து. 1970களின் பிற்பகுதியில் கொலாஜனிலிருந்து செய்த திரவப் புரதத்தை மட்டும் குடித்து எடை குறைத்த பலர் அமெரிக்காவில் இதயத் துடிப்பு குலைந்து இறந்தார்கள். இன்றைய தயாரிப்புகள் அவ்வளவு மோசமில்லை என்றாலும், எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு இன்றும் உண்டு. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையை வெகுவாக இறக்கும் மாத்திரைகளோ எடுப்பவர்கள் சாதாரணப் பெட்டித் திட்டத்தில்கூட மருத்துவரைக் கேட்காமல் சேர வேண்டாம். சாப்பாடு திடீரென்று குறைந்து மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். இரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், பாலூட்டுபவர்கள் வேண்டாம். சாப்பாட்டைப் பற்றிய பயமோ, அடக்க முடியாமல் தின்றுவிட்டு வாந்தி எடுக்கும் பழக்கமோ எப்போதாவது இருந்திருந்தால் கட்டாயம் வேண்டாம், முதலில் அதற்கு உதவி தேடுங்கள்.

பெட்டியே வேண்டாம், அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ரீனா விங்கின் இரண்டாம் குழு செய்ததுதான். விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே அளவுள்ள மூடி போட்ட டப்பாக்கள் பத்து வாங்கிக்கொள்ளுங்கள், அளவு ஒன்றாக இருப்பது முக்கியம். அடுத்த ஐந்து நாள் இரவுக்கு என்ன என்று தாளில் எழுதிய பிறகே கடைக்குப் போங்கள். டப்பாவில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு மாவுச்சத்து. எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். முதல் மாதம் தராசு மேடையிலேயே இருக்கட்டும். இரண்டு நாளுக்குள் சாப்பிடுவது ஃப்ரிட்ஜில், மற்றவை ஃப்ரீசரில். டப்பா மேல் தேதி எழுதுங்கள். இரவு எட்டு மணிக்கு வந்ததும் சுடவைத்துச் சாப்பிட வேண்டியதுதான், அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்க வேண்டியிருக்காது. இதை நான்கு வாரம் விடாமல் செய்ய முடிந்தால் உங்களுக்கு வெளிப் பெட்டி தேவையில்லை. முதல் வாரமே சமைக்க நேரம் கிடைக்கவில்லை என்றால் தயங்காமல் திட்டத்தில் சேருங்கள், உங்களைப் போன்றவர்களுக்குத்தான் அது பயன்படும்.

12 கிலோவும் மூன்று மாதத்தில் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். 5 முதல் 7 கிலோ வந்தால் நல்ல பலன். நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து 2002-ல் முடிவு வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடப்பதும்தான் இலக்கு. அதுவே நீரிழிவு வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்தது. மீதியை அடுத்த ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

சேர்வதற்கு முன் அந்த நிறுவனத்துக்கு ஒரு தடவை போன் செய்யுங்கள். ஆலோசனை சொல்பவர் உணவியல் படித்தவரா, விற்பனைப் பிரிவில் இருப்பவரா என்று கேளுங்கள். ஒரு வாரத்துக்கான எல்லா உணவின் லேபிளையும் அனுப்பச் சொல்லுங்கள். சொந்தச் சாப்பாட்டுக்கு மாற எத்தனை வாரம் ஒதுக்குகிறீர்கள், அதை யார் கற்றுத்தருவார்கள் என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வந்தால் பணம் கட்டலாம். "எத்தனை மாதம் வேண்டுமானாலும் நீட்டித்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் வேறு திட்டம் பாருங்கள்.